நுரையீரல் கார்சினாய்டு கட்டியைக் கண்டறிதல்: தோட்டப்புறக் கிளினிக் முதல் நோய்க்கூற்றியல் அறிக்கை வரை

மலேசியாவின் பேராக் மாநிலத் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய சிறு பட்டணங்களிலும் உதவி மருத்துவ அதிகாரியாக, நம் மக்கள் இன்றும் 'டிரஸ்ஸர்' என்றே அழைக்கும் வேலையில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு இப்போது சுங்கை சிப்புட்டில் ஓய்வில் இருக்கிறேன். இருமல் என்று வருகிறவருக்கு முதல் பெயரை வைக்கிறவர் பெரும்பாலும் என்னைப் போன்ற ஒருவர்தான். அந்தப் பெயர் நோயாளியின் சிகிச்சை அட்டையில் ஒரு முறை ஏறிவிட்டால் அடுத்து வருகிற மூன்று பேர் அதையே பார்த்து எழுதுவார்கள். நுரையீரல் கார்சினாய்டு என்ற அரிய கட்டி ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் போவதற்கு முதற்காரணம் இதுதான் என்பது என் கருத்து. பரிசோதனைக் கருவிகளின் குறைவு அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும்.

இந்த வழிகாட்டி நோயாளிகளுக்கும், அவர்களோடு மருத்துவமனைக்கு அலைகிற பிள்ளைகளுக்கும், தோட்டப்புறங்களில் வேலை செய்கிற இளைய உதவி மருத்துவ அதிகாரிகளுக்கும் எழுதப்பட்டது. ஒவ்வொரு சோதனையும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது என்பதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். சிகிச்சையைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுவேன்.

இது எந்த வகைக் கட்டி

மூச்சுக்குழல்களின் உட்சுவரில், நரம்பணுவின் குணமும் ஹார்மோன் சுரக்கும் குணமும் ஒருங்கே கொண்ட அணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. அவ்வகை அணுக்களின் தன்மையைக் காட்டும் கட்டிகளை நியூரோஎண்டோக்ரைன் கட்டிகள் என்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் நான்கு பேர் உண்டு. மெதுவாக வளரும் வழமையான கார்சினாய்டு, அதைவிடச் சற்று முரடான வழமையற்ற கார்சினாய்டு, மிக வேகமாகப் பரவும் சிற்றணுப் புற்றுநோய், பேரணு நியூரோஎண்டோக்ரைன் புற்றுநோய் ஆகியவை அவை. முதல் இரண்டும் சேர்ந்து நுரையீரல் புற்றுக்கட்டிகளில் 100-க்கு ஒன்று அல்லது இரண்டுதான். அந்த இரண்டிலும் பத்தில் எட்டு அல்லது ஒன்பது வழமையான வகையைச் சேர்ந்தவை.

1907-இல், திசுவை ஆராய்ந்து நோயைச் சொல்லும் துறையான நோய்க்கூற்றியலில் ஜெர்மானிய அறிஞரான சீக்பிரீட் ஓபெர்ண்டோர்ஃபர் குடலில் கண்ட சிறு கட்டிகளுக்கு 'புற்றைப் போன்றது' என்ற பொருளில் கார்சினாய்டு என்று பெயர் வைத்தார். பெயர் வைத்த வேளை அப்படியோ என்னவோ, 'போன்றதுதானே' என்ற அலட்சியம் நெடுங்காலம் தொடர்ந்தது. மூச்சுக்குழலில் வரும் இதே கட்டியை 'மூச்சுக்குழல் அடினோமா' என்று, தீங்கற்ற கட்டிகளின் வரிசையில் வைத்திருந்த காலமும் உண்டு. உண்மையில் இது புற்றுக்கட்டியேதான். வழமையான வகைகூட நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கும். வழமையற்ற வகையில் அது பாதியை நெருங்கும். ஆனால் காலத்தில் கண்டுபிடித்து அறுவை செய்தால் வழமையான வகையினரில் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். நுரையீரல் புற்றுநோய் என்றதும் நம் வீடுகளில் எழும் ஒப்பாரிக்கு இந்தக் கட்டி அவ்வளவாகப் பொருந்தாது.

முதல் படி: காதால் கேட்பதும் அட்டையைத் திரும்பப் படிப்பதும்

புகைபிடிக்காதவர், வயது நாற்பதுகளில், பெண்ணாக இருக்க வாய்ப்பு சற்றே கூடுதல், ஆண்டுக்கணக்கில் இருமலும் இளைப்பும், அவ்வப்போது சளியில் இரத்தக் கீறல், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா. மையக் குழல்களில் வளரும் கார்சினாய்டு பெரும்பாலும் இப்படித்தான் வெளிப்படும். நான்கில் மூன்று கட்டிகள் அப்படி மையத்தில் வருபவை. எஞ்சியவை நுரையீரலின் ஓரத்தில் சத்தமில்லாமல் இருந்து, வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் ஒரு வட்டமாகத் தென்படும். பிள்ளைகளுக்கு நுரையீரலில் புற்றுக்கட்டி வருவது மிக அரிது. வந்தால் முதலில் நினைக்க வேண்டியவற்றுள் கார்சினாய்டும் ஒன்று. எனவே 'வயது பத்தாது' என்று எவரையும் ஒதுக்கிவிடக் கூடாது.

தோட்டப்புறத்தில் இருமலுக்குக் காரணம் தேடி எவரும் கஷ்டப்பட வேண்டியதில்லை. ரப்பர் பாலை உறைய வைக்கும் காடியின் நெடி, பால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியா, களைக்கொல்லி தெளிப்பு, ஆண்டுதோறும் வரும் புகைமூட்டம் என்று கைநீட்டும் தூரத்திலேயே நான்கு காரணங்கள் கிடைக்கும். நானும் அப்படித்தான் கைநீட்டினேன்.

பால்வெட்டு வேலையிலிருந்த, நாற்பத்து மூன்று வயதுப் பெண் ஒருவர். மூன்று ஆண்டுகளாக ஆஸ்துமா மருந்து இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை, வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்தவர், வலது மார்பின் கீழ்ப்புறத்தில் உள்ளங்கையை வைத்து, "டிரஸ்ஸர் ஐயா, மூச்சு விட்டா இந்தப் பக்கந்தான் விசில் அடிக்குது. அந்தப் பக்கம் சும்மாதான் இருக்கு" என்றார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். அவர் சொன்ன இடத்தில் ஒரே சுருதியில் ஒரு விசில். இருமச் சொன்னேன், போகவில்லை. நெபுலைசர் வைத்தேன், அப்போதும் போகவில்லை. இடது பக்கம் தெளிவாக இருந்தது. அட்டையைப் பின்னோக்கிப் புரட்டினேன்: மூன்று ஆண்டுகளில் நான்கு முறை வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியான கீழ்மடலில் நிமோனியா, ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக், ஒவ்வொரு முறையும் 'ஆஸ்துமா' என்ற சொல். அவற்றில் இரண்டு பதிவுகள் என் கையெழுத்தில் இருந்தன.

ஆஸ்துமாவின் இளைப்பு இரு பக்கமும் கேட்கும், பல சுருதிகளில் ஒலிக்கும், மருந்துக்கு இறங்கும், நாளுக்கு நாள் மாறும். ஒரே இடத்தில், ஒரே சுருதியில், மருந்துக்கு அசையாமல் நிற்கும் விசிலுக்கு வேறு பொருள் உண்டு: அந்தக் குழலுக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது கட்டியாக இருக்கலாம். விழுங்கும்போது வழிதவறிப் போன கச்சான் பருப்பாகவும் இருக்கலாம். எதுவானாலும் உள்ளே பார்த்தே தீர வேண்டும். ஊதும் சோதனையான ஸ்பைரோமெட்ரி இங்கே ஓரளவுக்குத்தான் உதவும். பெருங்குழல் அடைபட்டால் அதன் வரைகோடு தட்டையாகும். ஒரு மடலுக்குப் போகும் கிளை மட்டும் அடைபட்டால் முடிவு ஏறக்குறைய இயல்பாகவே வந்துவிடும்.

இந்தப் படியில் இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். முகமும் கழுத்தும் திடீரென்று திகுதிகுவென்று சுடுகிறதா, கூடவே வயிற்றுப்போக்கு வருகிறதா என்பது முதல் கேள்வி. புத்தகங்கள் 'முகம் சிவத்தல்' என்று எழுதியிருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு எளிதில் தெரியாது, ஆகவே சூட்டைப் பற்றித்தான் கேட்க வேண்டும். அதை மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூடு என்று தள்ளிவிடுவதும் வழக்கம். கட்டி சுரக்கும் செரட்டோனின் முதலான பொருள்களால் வரும் இந்த நிலை, நுரையீரல் கார்சினாய்டில் மிகச் சிலருக்கே வரும். பெரும்பாலும் கல்லீரலுக்குப் பரவிய பிறகே வரும். ஆகவே அது இல்லை என்பதால் கார்சினாய்டு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

சில மாதங்களில் முகம் வட்டமாகி, வயிறு பருத்து, கைகால் மெலிந்து, சீனியும் இரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறதா என்பது இரண்டாவது. கட்டி ஏ.சி.டி.ஹெச். என்ற ஹார்மோனைச் சுரந்தால் அப்படி ஆகும். இதைக் கேட்கும்போதே சந்தையில் வாங்கிய மூட்டுவலி மாத்திரைகளைப் பற்றியும் கேட்டுவிட வேண்டும். ஸ்டீராய்டு கலந்த கலப்பட மருந்துகளும் இதே வட்ட முகத்தைத்தான் தரும். நம் பக்கத்தில் கட்டியைவிட மாத்திரைக்கே வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது கேள்வி குடும்பத்தைப் பற்றியது. திரும்பத் திரும்பச் சிறுநீரகக் கல், கணையத்திலோ மூளையடிச் சுரப்பியிலோ கட்டி என்று உறவில் எவருக்காவது இருந்ததா என்று கேட்க வேண்டும். மென்-1 என்ற மரபுவழி நோயில் நுரையீரல் கார்சினாய்டும் வரும். இரத்தத்தில் கால்சியம் கூடியிருப்பது அதற்கு எளிய தடயம்.

இரண்டாம் படி: எக்ஸ்ரேயும் சளியும்

மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் எவரையும் மேலே அனுப்ப மாட்டார்கள். அதில் நுரையீரல் வேரருகே ஒரு திரட்சி, ஒரு மடல் சுருங்கிக் கிடத்தல், அல்லது பழைய நிமோனியாவின் நிழல் ஆறு வாரம் கழித்தும் கரையாமல் இருத்தல் தெரியலாம். ஒன்றுமே தெரியாமலும் போகலாம். இதயத்தின் நிழலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கட்டி நேர்ப்படத்தில் அகப்படுவதில்லை. பக்கவாட்டுப் படமும் கேட்பது நல்லது. பழைய படங்கள் எங்கே இருந்தாலும் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டுக்கு முந்தைய படத்தில் அதே இடத்தில் சிறிய புள்ளி ஒன்று இருந்தால், மெதுவாக வளரும் கட்டி என்பதற்கு அதைவிட மலிவான சான்று வேறில்லை.

நம் நாட்டில் காசநோய் இன்னும் போகவில்லை. ஆகவே சளிச் சோதனையைத் தவிர்க்கவே முடியாது; காலைச் சளி உட்பட மாதிரிகள் கொடுத்து, நுண்ணோக்கிச் சோதனையும், கிடைக்குமானால் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையும், வளர்ப்புச் சோதனையும் செய்ய வேண்டும். கிருமி கண்டுபிடிக்கப்பட்டால் மருந்து உடனே தொடங்கும். 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி அது அறிவிக்கப்பட வேண்டிய நோயும் ஆகும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், கிருமி எதுவும் கிடைக்காமல், நிழலை மட்டும் வைத்து ஆறு மாத மருந்து தொடங்கும்போதுதான். அப்படித் தொடங்குவது சில வேளைகளில் நியாயமே. ஆனால் இரண்டு மாதத் தீவிர மருந்துக்குப் பிறகும் நிழல் அசையவில்லை, எடையும் ஏறவில்லை என்றால், 'மருந்து சரியாகச் சாப்பிட்டாயா' என்று நோயாளியைக் குடைவதோடு நிறுத்தாமல், நோயின் பெயரையும் மறுபடி கேள்விக்கு உட்படுத்த வேண்டும். சீனி நோயுள்ளவர்களுக்கு, குறிப்பாக மழைக்காலத்தில், மண்ணிலிருந்து தொற்றும் மெலியோய்டோசிஸ் இதே போன்ற நிழலைத் தரும். அதற்கு இரத்த வளர்ப்புச் சோதனை வேண்டும்.

சளியில் புற்றணு தேடும் சோதனை கார்சினாய்டில் பெரும்பாலும் 'இல்லை' என்றே வரும். கட்டியின் மேல் வழுவழுப்பான இயல்பான சவ்வு மூடியிருப்பதால் அணுக்கள் உதிர்வதில்லை. அந்த 'இல்லை'யை நம்பி வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

மூன்றாம் படி: மேல்நிலைக்குப் போவதும் சி.டி. ஸ்கேனும்

அரசாங்க சுகாதாரக் கிளினிக் மருத்துவரின் கடிதத்தோடு நிபுணர் பிரிவுக்குப் போக வேண்டும். எங்கள் பக்கத்தவர்கள் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்குப் போவார்கள். குடிமக்களுக்குக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் பிரிவில் ஐந்து வெள்ளி என்பதுதான் பழகிய கட்டணம். நாட்கூலிக்காரருக்கு உண்மையான செலவு அதில் இல்லை. போய்வரும் ஒவ்வொரு நாளும் இழக்கும் கூலியில்தான் இருக்கிறது. ஆகவே இரத்தச் சோதனை, ஸ்கேன், மருத்துவர் சந்திப்பு ஆகியவற்றை ஒரே நாளில் வைக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். பல வேளைகளில் முடியும். கேட்காததால்தான் மூன்று நாளாகிறது.

கடிதத்தில் 'நீண்ட நாள் இருமல்' என்று மட்டும் இருந்தால் அது குவியலில் ஒன்றாகிவிடும். அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இதுதான்: வலது கீழ்மடலில் மூன்று ஆண்டுகளில் நான்கு முறை நிமோனியா, அதே இடத்தில் மருந்துக்கு மாறாத ஒற்றைச் சுருதி இளைப்பு, புகைப்பழக்கம் இல்லை, சளியில் காசநோய்க் கிருமி இல்லை, மூச்சுக்குழலுக்குள் அடைப்பு இருக்கலாம் என்ற ஐயம். இந்த ஐந்து செய்தியும் இருந்தால் படிக்கிறவருக்கு அவசரம் தானாகப் புரியும்.

சி.டி. ஸ்கேன் நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கப்பட வேண்டும். கார்சினாய்டுக்கு இரத்த ஓட்டம் அதிகம் என்பதால் மருந்து ஏறியதும் அது பளிச்சென்று தெரியும். மூன்றில் ஒரு பங்குக் கட்டிகளில் சுண்ணப் படிவும் காணலாம். சிறுநீரகக் கோளாறு, முந்தைய ஒவ்வாமை, மெட்போர்மின் மாத்திரை ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குழலுக்குள் நீட்டியிருக்கும் பகுதி கைவிரல் நுனி அளவாகவும், குழலுக்கு வெளியே இருக்கும் பகுதி அதைவிடப் பல மடங்காகவும் இருப்பதுண்டு. மூச்சுக்குழலுக்குள் செலுத்திப் பார்க்கும் அகநோக்கிக்கு அந்த வெளிப்பகுதி தெரியாது, சி.டி.க்குத்தான் தெரியும். இரண்டும் தேவைப்படுவது அதனால்தான்.

சிலருக்கு ஒரே கட்டிக்குப் பதிலாக இரு நுரையீரலிலும் நிறையச் சிறு புள்ளிகளும், காற்று அடைபட்டுத் திட்டுத்திட்டாகத் தெரியும் பகுதிகளும் இருக்கும். ஐம்பதைக் கடந்த, புகைபிடிக்காத பெண்களே இவர்களில் மிகுதி. நியூரோஎண்டோக்ரைன் அணுக்கள் பரவலாகப் பெருகும் டிப்னெக் என்ற நிலை அது. அதுவும் ஆண்டுக்கணக்கில் ஆஸ்துமா என்ற பெயரில் வாழும். அந்தப் புள்ளிகளில் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றைக் குறுங்கட்டி என்றும், அந்த அளவை எட்டியவற்றையே கார்சினாய்டு என்றும் வகைப்படுத்துகிறார்கள்.

நான்காம் படி: இரத்தமும் சிறுநீரும்

இந்தக் கட்டியை இரத்தத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். இவ்வகை அணுக்கள் இரத்தத்தில் விடும் புரதத்தை அளக்கும் குரோமோகிரானின்-ஏ என்ற சோதனையை இணையத்தில் படித்துவிட்டுத் தனியார் ஆய்வுக்கூடத்தில் காசு கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரைப்பை எரிச்சலுக்கு எடுக்கும் ஓமெப்ரசோல் மாத்திரையே அதன் அளவை ஏற்றிவிடும். கட்டி இருந்தும் அளவு இயல்பாக இருப்பதும் உண்டு.

முகச்சூடும் வயிற்றுப்போக்கும் உள்ளவர்களுக்கு மட்டும் 24 மணி நேரச் சிறுநீரில், செரட்டோனின் சிதைந்து உண்டாகும் 5-ஹெச்.ஐ.ஏ.ஏ. என்ற பொருளின் அளவைப் பார்ப்பார்கள். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய், வால்நட் ஆகியவற்றை நிறுத்த வேண்டும். மாலைத் தேநீரோடு வரும் பீசாங் கோரேங்கும் வாழைப்பழம்தான் என்பதை நான் தனியாகச் சொல்லுவது வழக்கம், ஏனென்றால் 'பழம் சாப்பிடவில்லை, பலகாரம்தான் சாப்பிட்டேன்' என்ற பதிலை ஒரு முறை கேட்டிருக்கிறேன். வட்ட முகமுள்ளவர்களுக்கு, உடலே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசோலும் ஏ.சி.டி.ஹெச்.சும் பார்க்கப்படும். மருந்துக்கடை ஸ்டீராய்டால் வந்த வட்ட முகம் என்றால் ஏ.சி.டி.ஹெச். அடங்கிக் கிடக்கும், கட்டி சுரப்பதென்றால் அப்படி அடங்கியிருக்காது.

ஐந்தாம் படி: மூச்சுக்குழலுக்குள் பார்ப்பது

பிராங்கோஸ்கோபி எனப்படும் அகநோக்கிச் சோதனைக்கு ஆறு மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரைகளின் பெயரை, பெயர் தெரியாவிட்டால் அட்டையையே, முன்னதாகக் காட்டிவிடுங்கள், நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். தொண்டையை மரக்கச் செய்து, தூக்க மருந்து கொடுத்து, மூக்கு அல்லது வாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்துவார்கள்.

உள்ளே கார்சினாய்டு தெரியும் விதம் மருத்துவர்களுக்கு மறக்காது: குழலை அடைத்துக்கொண்டு வழுவழுவென்று, செர்ரிப் பழத்தின் சிவப்பில், அல்லது மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பில், உருண்டையாக நிற்கும். இரத்த ஓட்டம் மிகுந்த கட்டி என்பதால் கிள்ளி எடுத்தால் இரத்தம் கொட்டும் என்ற அச்சம் நெடுங்காலமாக உண்டு. கடுமையான இரத்தப்போக்கு உண்மையில் அரிதாகவே நேர்கிறது; ஆனாலும் அதைச் சமாளிக்கும் வசதியும், தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்து உலோகக் குழாய் வழியாகச் செய்யும் வசதியும் உள்ள இடத்தில்தான் கிள்ள வேண்டும். தூரிகையால் தேய்த்து எடுப்பது சளிச் சோதனையைப் போலவே பலமுறை வெறுங்கையோடு திரும்பும். ஓரத்தில் இருக்கும் கட்டிக்கு, சி.டி. பார்த்தபடி மார்புச் சுவர் வழியாக ஊசி செலுத்தித் திசு எடுப்பார்கள். சிறியதாக இருந்து ஐயம் வலுவாக இருந்தால் நேராக அறுவையிலேயே எடுத்துவிடுவதும் உண்டு.

செர்ரிச் சிவப்பாக இருப்பதெல்லாம் கார்சினாய்டு ஆகாது. மூச்சுக்குழலின் சளிச் சுரப்பிகளிலிருந்து வரும் அடினாய்டு சிஸ்டிக், மியூகோஎபிடர்மாய்டு ஆகிய அரிய புற்றுக்கட்டிகளும் வழுவழுப்பாகவே நிற்கும். இவையும் அந்தப் பழைய 'அடினோமா' என்ற பெயரின் கீழ்தான் ஒன்றாகக் கிடந்தன. பிரித்துச் சொல்ல வேண்டியது நுண்ணோக்கிதான்.

ஆறாம் படி: நுண்ணோக்கியின் கீழ்

எல்லாப் படிகளிலும் இதுவே கனமானது. கார்சினாய்டின் அணுக்கள் ஒரே அளவில், கூடு கூடாகவும், பட்டை பட்டையாகவும், சில இடங்களில் பூவிதழ் அடுக்குப் போலவும் அமைந்திருக்கும். உட்கருவின் பொருள் உப்பையும் மிளகுப் பொடியையும் கலந்து தூவியதுபோல இருக்கும். நியூரோஎண்டோக்ரைன் தன்மையை உறுதிப்படுத்த சினாப்டோஃபைசின், குரோமோகிரானின், சி.டி.56 ஆகிய சாயச் சோதனைகள் செய்யப்படும். இன்ஸ்ம்-1 அண்மையில் அவற்றோடு சேர்ந்தது. பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இந்த சி.டி.56-க்கும் ஸ்கேனுக்கும் தொடர்பில்லை.

வழமையானதா, வழமையற்றதா என்பதை முடிவு செய்வது எண்ணிக்கை. 2 சதுர மில்லிமீட்டர் பரப்பில் பிளந்துகொண்டிருக்கும் அணுக்கள் இரண்டுக்குக் குறைவாகவும், திசு மடிவு (அணுக்கள் செத்துக் கிடக்கும் திட்டுகள்) இல்லாமலும் இருந்தால் வழமையானது. இரண்டு முதல் பத்து வரை இருந்தாலோ, திசு மடிவு இருந்தாலோ வழமையற்றது. பத்தைத் தாண்டினால் அது சிற்றணு, பேரணு என்ற முரட்டு வகைப் புற்றுநோய்களின் எல்லை. கிள்ளி எடுத்த சிறு துணுக்கில் இந்த எண்ணிக்கையை நம்பகமாகச் செய்ய முடியாது, ஏனென்றால் பிளவுகள் கட்டி முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. அதனால்தான் முதல் அறிக்கையில் 'கார்சினாய்டு, வகை குறிப்பிடப்படவில்லை' என்று மட்டும் வரலாம். 2021-இல் வெளிவந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் சிறு துணுக்குகளுக்கு அப்படி எழுத இடம் தருகிறது. அதைப் பார்த்து, மருத்துவருக்குத் தெரியவில்லை என்று குடும்பத்தார் கோபப்படுவதைக் கண்டிருக்கிறேன். தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதிய நேர்மையான அறிக்கை அது.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்று உண்டு, அது ஆபத்தானது. இடுக்கியால் கிள்ளும்போது துணுக்கு நசுங்கினால் அணுக்கள் கருநீலக் கோடுகளாக இழுபட்டு, சிற்றணுப் புற்றுநோயைப் போலவே தோன்றும். நான் அறிந்த ஒரு செம்பனை லாரி ஓட்டுநருக்கு முப்பத்தைந்து வயதுதான், புகைத்ததே இல்லை. எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. முதல் அறிக்கை 'சிற்றணுப் புற்றுநோய்' என்றது. மனைவி அந்தத் தாளை நான்காக மடித்துப் பிள்ளையின் பள்ளிப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தார். அந்த வயதும், புகைக்காததும், இரண்டாண்டுகளாக ஒரே அளவில் இருந்த நிழலும் அந்தப் பெயரோடு ஒட்டவில்லை என்று ஐயப்பட்ட நிபுணர், கண்ணாடிச் சில்லுகளை வேறொரு நோய்க்கூற்றியல் நிபுணரிடம் அனுப்பினார். கி-67 என்ற சாயச் சோதனை செய்தார்கள். வளர்ந்துகொண்டிருக்கும் அணுக்களை எண்ணும் அந்தச் சோதனை, சிற்றணுப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டும், பெரும்பாலும் எழுபதுக்கும் மேல் போகும். கார்சினாய்டில் பெரும்பாலும் இருபதுக்குள்தான் இருக்கும். அவருக்கு ஒற்றை இலக்கத்தில் வந்தது. சிற்றணுப் புற்றுநோய்க்குக் கீமோவும் கதிர்வீச்சும், கார்சினாய்டுக்கு அறுவை என்று பாதையே பிரிந்துவிடும் இடம் இது என்பதால், நசுங்கிய துணுக்கில் கி-67 பார்த்தார்களா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

இரண்டாவது கருத்துக்குப் போகும்போது அறிக்கைத் தாள் மட்டும் போதாது. கண்ணாடிச் சில்லுகளும், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியும் ஆய்வுக்கூடத்தில் இருக்கும். மருத்துவரின் கடிதத்தின் மூலம் அவற்றைக் கடனாகக் கேட்கலாம். புதிதாக வெட்டிச் சாயம் போட மெழுகுக் கட்டிதான் வேண்டும்.

ஏழாம் படி: பரவலைத் தேடுவது

சாதாரண பெட் ஸ்கேன் சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் அணுக்களைக் காட்டும். வழமையான கார்சினாய்டு மெதுவாக வளர்வதால் அதிகம் உறிஞ்சாது. ஆகவே 'பெட் ஸ்கேனில் ஒன்றுமில்லை' என்ற செய்தி இந்தக் கட்டியைப் பொறுத்தவரை நிம்மதிக்கு உரியதன்று. இதற்கென்று உள்ளது காலியம்-68 டோட்டாடேட் பெட் ஸ்கேன். கட்டியின் மேற்பரப்பில் உள்ள சொமாட்டோஸ்டாட்டின் ஏற்பிகளில் போய் ஒட்டும் மருந்து அது. காலியம்-68-இன் அரைவாழ்வு 68 நிமிடம்தான் என்பதால் அன்றன்றைக்கே தயாரித்து அங்கேயே ஏற்ற வேண்டும். புத்ராஜெயாவின் தேசியப் புற்றுநோய்க் கழகம் போன்ற, அணு மருத்துவப் பிரிவுள்ள பெரிய நிலையங்களுக்கே அதற்காகப் போக வேண்டியிருக்கும். முரடான கட்டிகளில் இரண்டு வகை ஸ்கேனும் சேர்ந்து படம் முழுமையாகும். பழைய காசநோய் வடுக்களும் கணுக்களும் இரண்டிலும் ஒளிரக்கூடும் என்பதை நம் நாட்டு மருத்துவர்கள் நன்கு அறிவார்கள்; நீங்களும் முன்பு காசநோய் இருந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மார்பின் நடுவில் உள்ள கணுக்கள் பெருத்திருந்தால், ஒலியலைக் கருவி பொருத்திய அகநோக்கி வழியாக ஊசியிட்டுத் திசு எடுப்பார்கள். கல்லீரலுக்குத் தனியாகச் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். குடலில் தோன்றிய கார்சினாய்டு நுரையீரலுக்கு வந்திருக்கிறதா என்பதையும் இந்தப் படியிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். டோட்டாடேட் ஸ்கேன் அதற்கும் உதவும்.

கடைசி அறிக்கை

அறுவைக்குப் பிறகு முழுக் கட்டியையும் வெட்டிப் பார்த்து எழுதும் அறிக்கையில்தான் நோயின் முழுப் பெயர் வருகிறது. அதில் கட்டியின் அளவு, 2 சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை அணுப்பிளவு, திசு மடிவு உண்டா இல்லையா, கி-67, வெட்டு விளிம்பில் கட்டி இருக்கிறதா, எத்தனை நிணநீர்க் கணுக்களைப் பார்த்து எத்தனையில் கண்டார்கள், டி.என்.எம். நிலை (கட்டி, கணு, தொலைப் பரவல் ஆகிய மூன்றையும் வைத்து நோய் எவ்வளவு பரவியது என்று சொல்வது) ஆகிய அனைத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். எது விடுபட்டிருந்தாலும் அடுத்த சந்திப்பில் கேளுங்கள். கார்சினாய்டு பத்தாண்டு கழித்தும் திரும்பி வரக்கூடியது என்பதால், அன்றைக்கு உட்கார்ந்து பார்க்கப்போகும் மருத்துவருக்கு இந்தத் தாள்தான் தொடக்கம்.

பால்வெட்டுப் பெண்ணின் அறிக்கை 'வழமையான கார்சினாய்டு' என்று வந்தது: 2 சதுர மில்லிமீட்டருக்கு ஒரு பிளவு, மடிவு இல்லை, விளிம்பு சுத்தம், கணுக்கள் அனைத்தும் சுத்தம். வலது கீழ்மடல் போயிற்று, விசிலும் போயிற்று. அடுத்த முறை கிளினிக்குக்கு வந்தபோது அட்டையை மேசைமேல் வைத்து, மேலே சிவப்பு மையில் எழுதியிருந்த 'ஆஸ்துமா' என்ற சொல்லைச் சுட்டிக் காட்டி, "இத அடிச்சிருங்க ஐயா" என்றார். அடித்து, பக்கத்தில் தேதியும் கையொப்பமும் போட்டுக் கொடுத்தேன்.